தாய்மடி கண்ட சிறுமலர்



சர்வேசுரன் என்றதும் கணக்குக் கேட்கும் நடுவரை நினைத்து நடுங்குகிறவர்கள் நம்மில் அநேகர் உண்டு. அப்படிப்பட்டவர்கள் அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாளின் சரித்திரத்தைச் சற்று வாசியுங்கள்.

பிரான்ஸ் தேசத்து அலான்சோன் நகரில், 1873-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி, ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாக அவள் பிறந்தாள். தாய்க்குப் பால் கொடுக்க இயலவில்லை. கிராமத்துச் செவிலித்தாய் ஒருத்தியே அவளை வளர்த்துத் தந்தாள். நாலரை வயதில், 1877-ம் ஆண்டில், பெற்ற தாயைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. குடும்பம் லிசியே நகருக்குக் குடியேறியது. அக்காள் பவுலினையே தாயாக வரித்துக்கொண்டாள். 1882-ம் ஆண்டில் அவளும் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டாள். பிள்ளை ஏங்கிப் படுக்கையில் விழுந்தது. 1883-ம் ஆண்டு மே மாதத்தில், கட்டிலருகே இருந்த தேவமாதாவின் சுரூபம் தன்னைப் பார்த்துப் புன்னகை செய்யக் கண்டு எழுந்தாள்.

பதினைந்தாம் வயதில், 1888-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, தானும் அம்மடத்தில் பிரவேசித்தாள். பெரிய அர்ச்சியசிஷ்டவர்களைப் பார்த்தபோது தான் மலையடிவாரத்து மணல் போலத் தோன்றினாள். ஆயினும் மனம் தளரவில்லை. செல்வர் வீடுகளில் ஆட்களைப் படியேறவிடாமல் மேலே தூக்கிச் செல்லும் லிப்டு அக்காலத்தில் வந்திருந்தது. மோட்சத்துக்கும் அப்படியொன்று உண்டா என்று வேதாகமத்தில் தேடினாள். தாய் பிள்ளையைத் தேற்றுவது போலச் சர்வேசுரன் தம் ஜனத்தைத் தேற்றுவார் என்னும் இசையாஸ் தீர்க்கதரிசியின் வாக்கியம் கிடைத்தது. தேடியது அகப்பட்டுவிட்டது: சேசுநாதருடைய கரங்களே அந்த லிப்டு. அதில் ஏறப் பெரியவளாக வேண்டியதில்லை. சிறியவளாகவே இருந்தால் போதும்.

அந்நாட்களில் தேவநீதிக்குத் தங்களைப் பலியாக ஒப்புக்கொடுத்த ஆத்துமாக்கள் இருந்தார்கள். தெரேசம்மாளோ 1895-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி, தமதிரித்துவத் திருநாளன்று, தேவனுடைய இரக்கமுள்ள சிநேகத்துக்கே தன்னை ஒப்புக்கொடுத்தாள். செபவேளையில் அவளுக்கு அடிக்கடி தூக்கம் வரும். அதற்காக அவள் கலங்கவில்லை. தூங்கும் பிள்ளையையும் பெற்றோர் நேசிக்கிறார்கள் அல்லவா?

இப்படி நம்பியவளுக்கு எல்லாம் இன்பமாகவே இருந்தது என்று எண்ணாதீர்கள். 1896-ம் ஆண்டு பரிசுத்த வாரத்தில் க்ஷயரோகத்தால் இரத்தம் கக்கினாள். சில நாட்களில் ஆத்துமத்தையும் இருள் மூடியது. மோட்சம் என்று ஒன்று இல்லவே இல்லை என்னும் சோதனை ஏறக்குறைய பதினெட்டு மாதம் அவளை வாட்டியது. விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டாள். தாயின் முகம் தெரியாத இருட்டிலும் மடியை விட்டு இறங்காத பிள்ளை அவள். 1897-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, இருபத்துநாலாம் வயதில், சேசுவை நேசித்தபடியே உயிர்விட்டாள்.

11-ம் பத்திநாதர் பாப்பு 1925-ம் ஆண்டில் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். 2-ம் அருளப்பர் சின்னப்பர் பாப்பு 1997-ம் ஆண்டில் அவளைத் திருச்சபையின் வேதபாரகியாக அறிவித்தார். அவளுடைய தாய் தந்தையரும் 2015-ம் ஆண்டில் பீடத்தின் மகிமை பெற்றார்கள்.

பிரியமானவர்களே, நாளெல்லாம் உழைத்துவிட்டு இரவு செபமாலையில் கண்ணயரும் தாய்மாரே, செபித்தும் ஆறுதல் காணாத நோயாளிகளே, பழைய பாவத்தை நினைத்துப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரக் கூசுகிறவர்களே, உங்களுக்காகவே இச்சரித்திரம். சர்வேசுரன் அருகில் இருப்பதை நாம் உணராத வேளை உண்டு. அவர் அருகில் இல்லாத வேளை இல்லை. பிள்ளையைப் போல் இரு கைகளையும் நீட்டுங்கள். தூக்கிக்கொள்வது அவருடைய வேலை.