மூளையின் தூதைக் கண்டவர்

வைட்ஃபீல்டில் என் அறைக்கு எதிரே தள்ளுவண்டியில் தக்காளி விற்கும் தருமபுரி அம்மாள் ஒருவர், புழு துளைத்த பழங்களை நாள்தோறும் கூடையில் ஒதுக்குவார். எந்த மருந்துக்கும் இது சாகவில்லையே, நீ புழுவைப் பற்றித்தானே படிக்கிறாய் என்று ஒருநாள் என்னைக் கேட்டும்விட்டார். அதற்குரிய விடையின் முதல் வரியை எழுதியவர் ஒரு போலந்துப் பேராசிரியர். ஸ்டெஃபான் கோபெச் என்பது அவர் பெயர்.

1888-ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பூச்சிகளே வாழ்வாயின. பட்டினி கிடந்தால் அவற்றின் வளர்ச்சி என்னாகும் என்று ஆராய்ந்தார். இனப்பெருக்க உறுப்புகளை நீக்கியும் மாற்றிப் பொருத்தியும் பார்த்தார். பெரும்புகழ் தந்ததோ, மரங்களை மொட்டையாக்கும் லிமான்ட்ரியா என்னும் அந்துப்பூச்சியின் கம்பளிப்புழு. கடைசியாகத் தோலுரித்த பத்து நாளுக்குள் அதன் மூளையை நீக்கினால், புழு கூட்டுப்புழுவாக மாறவே இல்லை. அதன்பின் நீக்கினாலோ, மூளையின்றியே மாறிற்று! நரம்புத் தண்டை அறுத்தார், மாற்றம் தடைப்படவில்லை. உடலின் நடுவே நூலால் இறுகக் கட்டினார். முன்கூட்டிக் கட்டிய புழுவில் முன்பாதி மட்டுமே மாறிற்று. ஆகவே மூளை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இரத்தத்தில் விடுகிறது என்று துணிந்தார். 1917-லும் 1922-லும் அதை வெளியிட்டார். நரம்பு மண்டலம் சுரப்பியாகவும் இயங்கும் என்பதை ஏற்க உலகுக்குப் பல்லாண்டு பிடித்தது.

இன்றோ, அப்பொருளை ஜப்பானிய அறிஞர்கள் பட்டுப்பூச்சியிலிருந்து பிரித்தெடுத்துவிட்டனர். பூச்சியின் பசியையும் இனப்பெருக்கத்தையும் ஆளும் வேறு பல தூதுப் பொருள்களும் தெரிந்துள்ளன. தக்காளியைத் துளைக்கும் புழுவின் இனமான ஹெலிகோவெர்பாவில், பெண் அந்து ஆணை அழைக்கும் மணத்தைச் சுரப்பதும் அத்தகைய தூதின் ஏவலால்தான். 1989-இல் அதன் அமைப்பு வெளியாயிற்று. தூதை மறித்தால் தின்பதும் பெருகுவதும் குறையுமல்லவா? தேனீயைக் கொல்லாமல் புழுவை மட்டும் அடக்கும் வழியை ஆய்வாளர் இங்கேதான் தேடுகின்றனர்.

கோபெச் இதையெல்லாம் காணவில்லை. 1941 மார்ச்சில், ஜெர்மானியருக்குத் துணைநின்ற நடிகன் ஒருவன் வார்சாவில் சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்குப் பழிவாங்க, பிணைக்கைதிகளை மார்ச் 11 அன்று பால்மிரிக் காட்டில் நிறுத்திச் சுட்டனர். மாண்டவர்களுள் நம் பேராசிரியரும் ஒருவர். புழுவின் மூளையில் உண்மையைத் தேடியவரை மனிதரின் வெறி தின்றுவிட்டது.

அந்த அம்மாளுக்கு நான் இன்னும் விடை கூறவில்லை. நாளை கூறுவேன்: இதைத் தொடங்கி வைத்தவர் ஒருவர் உண்டு, முடித்து வைக்க வேண்டியவர்கள் நாங்கள்.