பேக்கரின் தோளும் வடக்கின் யானைகளும்

ரொறொன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மாவின் மகன், எங்கள் வெள்ளவத்தை வீட்டில் சேர்ட்டை விலக்கி வலது தோளைக் காட்டினார். நாவற்பழ நிறத்தில் கண்டல். அங்கே களிமண் தட்டுகளை வானில் எறிந்து சுடும் விளையாட்டில் சேர்ந்திருக்கிறாராம். தூக்க இலேசாக இருக்கிறதென்று ஒரு சொட்கண்ணை வாங்கினாராம். துவக்கு என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசிப் பழகிய வீடு எங்களுடையது. அன்று சாப்பாட்டு மேசையில் சத்தமாகவே பேசினோம்.

எனக்கு நினைவுக்கு வந்தவர் சாமுவேல் பேக்கர். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்பீர்கள். அந்தப் பேக்கர்தான்.

1821இல் லண்டனில் பிறந்தவர். மொரீசியஸில் குடும்பத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1846இல் வேட்டைக்காகவே இலங்கைக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கப்பலில் இறக்கி நுவரெலியாவில் பண்ணை போட்டார். 1855இல் நாட்டை விட்டுப் போகும்வரை யானை வேட்டையும் மரை வேட்டையும் ஓயவில்லை.

பிரிஸ்டலில் கிப்ஸ் என்பவர் அவருக்குச் செய்துகொடுத்த றைபிளின் எடை 21 இறாத்தல், ஏறத்தாழ 9.5 கிலோ. நாலு அவுன்ஸ் குண்டு, அதைத் தள்ள ஒரு அவுன்ஸ் வெடிமருந்து. இன்று தட்டுச் சுடும் துவக்கு ஏறத்தாழ 3.5 கிலோ, ஒலிம்பிக் போட்டித் தோட்டாவில் 24 கிராம் ஈயச் சன்னங்கள்தான். குண்டு முன்னே போகும் வேகத்துக்கு ஈடாகத் துவக்கு பின்னே வரும். அதே தோட்டாவை இரண்டு மடங்கு எடையுள்ள துவக்கில் போட்டால் தோளுக்கு வரும் உதையின் சக்தி பாதியாகும். பேக்கர் நல்ல உடற்கட்டு உள்ளவர். ஆனாலும் உதையைத் தாங்குவதைத் துவக்கின் எடையிடம் விட்டிருந்தார். அந்த எடையைக் காட்டுக்குள் அவருக்குப் பின்னால் சுமந்தவர்கள் இந்த நாட்டு ஆட்கள். அவர்களைப் பற்றி அவருடைய புத்தகங்களில் குறைதான் அதிகம்.

ஆபிரிக்காவில் அவர் கணக்குப் பிழைத்தது. 1861இல் நைலின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடின் அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட ஃபுளோரன்சும் கூடவே போனார். கையில் ஹொலண்ட் நிறுவனம் செய்த ஒரு றைபிள், செல்லப்பெயர் பேபி. எடை பழையதைப் போல 20 இறாத்தல். குண்டு மட்டும் அரை இறாத்தல், அதாவது இரண்டு மடங்கு. சுட்டபோது ஆளையே சுழற்றிவிட்டது. தன் துவக்குக்குத் தானே பயந்ததாக அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதை அருமையாகத்தான் எடுத்தார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். 1864இல் அல்பேர்ட் ஏரியை அடைந்தார், 1866இல் சேர் பட்டம், 1893இல் மரணம்.

தோள் வலியைக் குறித்துவைத்த அதே காலத்து எழுத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பேக்கர் இங்கிருந்தபோது குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் எழுதியது. யானை கொன்றவருக்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட யானைகள். 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000. எங்கள் ஊர்ப்பக்கத்து எண் இது. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் நான் இதைப் படிக்கவில்லை.

அண்ணா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் துவக்கை என்ன செய்வதென்று கேட்டார். விற்றுவிட்டுப் பாரமானதை எடுங்கள், 24 கிராம் தோட்டா போதும், வாங்கும் முன் அடிக்கட்டை தோள்குழியில் முழுதாகப் பதிகிறதா என்று பாருங்கள் என்றேன். ரப்பர் மெத்தையெல்லாம் அதற்குப் பிறகுதான். அதற்குள் கொட்டாஞ்சேனைக்குப் போக ஓட்டோ வந்துவிட்டது. அங்கே மாமியிடம் சித்தாலேப இருக்கும்.