துன் சம்பந்தன்: மாதம் பத்து வெள்ளியில் தோட்டம் வாங்க வழிகாட்டியவர்

பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்கு இன்று ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். அருகிலுள்ள மோனோரயில் நிலையமும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. மஇகாவை 18 ஆண்டுகள் வழிநடத்திய துன் வீ.தி. சம்பந்தனின் பெயர் அது.

1919 ஜூன் 16ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்த சம்பந்தன், மேற்படிப்புக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். இந்திய விடுதலைப் போராட்டத்தின் வேகத்தை அங்கே நேரில் கண்டார். போருக்குப் பின் ஊர் திரும்பியவர், சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி உருவாக முன்நின்றார்.

அப்போது மலாயாவின் தலைவிதி லண்டனில் எழுதப்பட்டுக் கொண்டிருந்தது. 1945இல் அங்கு ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியின் பிரதமர் அட்லி, மறு ஆண்டே மலாயன் யூனியனைக் கொண்டுவந்தார். மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் 1948இல் அது கைவிடப்பட்டு, மலாயாக் கூட்டமைப்பு அமைந்தது. 1951இல் சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது. கட்சி மாறினாலும் கணக்கு மாறவில்லை. போரில் கடனாளியான பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும். அந்த ரப்பரைச் சீவியவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள்.

1946இல் ஜான் திவியின் தலைமையில் தோன்றிய மஇகா, 1954இல் கூட்டணியில் சேர்ந்தது. 1955இல் சம்பந்தன் அதன் தலைவரானார். அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். மறு ஆண்டு ஈடன் அரசுடன் துங்கு அப்துல் ரஹ்மான் நடத்திய பேச்சு சுதந்திரத்துக்கு நாள் குறித்தது. மெக்மில்லன் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தபோது, 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி மலாயா விடுதலை பெற்றது.

கொடி மாறியதும் தோட்டங்களில் வேறொரு புயல் வீசியது. நாட்டின் எதிர்காலம் குறித்து அஞ்சிய வெள்ளைக்கார நிறுவனங்கள் பல, தோட்டங்களை விற்றன. வாங்கிய வணிகர்கள் அவற்றைத் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். இதுதான் தோட்டத் துண்டாடல். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அதோடு பள்ளி, கோயில், அண்டை அயல் எல்லாமே கைவிட்டுப் போகும்.

இதற்குச் சம்பந்தன் கண்ட வழி எளிமையானது. பிறர் வாங்கித் துண்டாடுவதற்கு முன் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்கிவிடுவது. 1960இல் கே.ஆர். சோமசுந்தரத்துடன் சேர்ந்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்குக்கு மாதம் 10 வெள்ளி கட்டினால் போதும். ஆனால் அன்றைய பால்மரத் தொழிலாளிக்கு அது சிறிய தொகையல்ல. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி அவர்களின் நம்பிக்கையைப் பெற்றார். மறு ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

அவர்மீது குறை சொன்னவர்களும் உண்டு. கூட்டணித் தலைமையோடு மிகவும் இணங்கிப் போனார், உரக்கக் கேட்கவேண்டிய இடத்தில் மென்மையாகப் பேசினார் என்றார்கள். 1969இல் வேலை அனுமதிச் சட்டம் இறுகியபோது, குடியுரிமை பெறாத ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பல குடும்பங்கள் பிரிந்தன. அந்த வலி அவரது காலத்தின் கணக்கில்தான் சேரும்.

மஇகாவுக்குள் எழுந்த நெருக்கடிக்குப் பின் 1973இல் தலைமைப் பொறுப்பை விட்டார். கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வெ. மாணிக்கவாசகம் அடுத்த தலைவரானார். பதவி போனாலும் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் விடவில்லை. 1979 மே 18ஆம் தேதி, அறுபது வயது நிறையும் முன்பே காலமானார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தனியாகக் கேட்டால் கிடைக்காத மண்ணைச் சேர்ந்து சேமித்தால் வாங்கலாம் என்று காட்டியவர் அவர். ஜாலான் துன் சம்பந்தன் வழியே போகும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லவேண்டிய பாடம் அதுவே.