கடலோரம் எழுந்த கலைக்கிராமம்

ஓவியம் தீட்டத் தெரிந்தவர் பலர். ஓவியத்தையே நம்பி வாழ முடிந்தவர் சிலர். வாங்குவோரின் விருப்பத்திற்கு வரைந்தால் வயிறு நிறையும். தன் உள்ளம் காட்டும் வழியில் வரைந்தால் வறுமை வாயிலில் நிற்கும். இவ்விரண்டிற்கும் இடையே தவித்த இளங்கலைஞர்களுக்கு மூன்றாவது வழியொன்றைக் காட்டியவர் கே. சி. எஸ். பணிக்கர்.

இளமையும் கல்வியும்

சங்கரன் பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில், கேரளத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். வயலும் நீரும் பசுமையும் நிறைந்த மலபார்ப் பகுதியில் அவருடைய இளமையின் ஒரு பகுதி கழிந்தது. அந்நிலக்காட்சிகளே அவர் தூரிகையின் முதல் பாடங்களாயின. ஆயினும் குடும்பச் சூழல் அவரை உடனே கலைக்கல்விக்கு அனுப்பவில்லை. தந்தித் துறையில் பணியாற்றிப் பொருளீட்ட வேண்டியவரானார். பின்னர் அப்பணியைத் துறந்து, 1936இல் தம் இருபத்தைந்தாம் வயதில் சென்னை அரசு கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

1850ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அப்பள்ளிக்கு அப்போது தலைமையேற்றிருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினா கடற்கரையில் இன்றும் கம்பீரமாக நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அவரிடம் பயின்ற பணிக்கர், 1940இல் படிப்பை முடித்து, அப்பள்ளியிலேயே ஆசிரியரானார்.

கூடிக் காட்டிய கலை

நவீன ஓவியங்களைக் காணவும் பேசவும் வாய்ப்புகள் அரிதாயிருந்த காலம் அது. தனியொருவர் வரைந்த ஓவியம் அவர் வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். இந்நிலையை மாற்ற எண்ணிய பணிக்கர், 1944இல் தோழர்களுடன் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். உறுப்பினர்களின் படைப்புகளைச் சங்கம் கண்காட்சிகளாக மக்கள்முன் வைத்தது. 1961இல் தொடங்கப்பட்ட ஆர்ட்ரெண்ட்ஸ் என்னும் இதழ், சமகால ஓவியர்களையும் அவர்தம் படைப்புகளையும் கண்காட்சிக்கு வர இயலாதோர்க்கும் அறிமுகம் செய்தது. புதிய கலைஞரைக் கண்டறிவது ஒரு பணி. அவரைப் பிறர் அறியச் செய்வது மற்றொரு பணி. இரண்டையும் தம் கடமையாகவே பணிக்கர் கொண்டார்.

தமக்கென ஒரு மொழி

1954இல் ஐரோப்பா சென்ற பணிக்கர், லண்டனிலும் பாரிஸிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். மேலைநாட்டு நவீன ஓவியங்களை நேரில் கண்ட அனுபவம், இந்தியக் கலைஞனுக்குரிய நவீன மொழி எது என்னும் கேள்வியை அவருள் ஆழப்படுத்தியது. அக்கேள்விக்கு விடையாக 1963முதல் உருவானவையே சொற்களும் குறியீடுகளும் என்னும் வரிசை ஓவியங்கள். கணக்குக் குறிப்பேட்டின் பக்கம்போலவும், சாதகக் கட்டம்போலவும், பழஞ்சுவடிபோலவும் தோன்றும் அவற்றில் எழுத்துகள் நிறைந்திருக்கும். ஆனால் அவை படித்துப் பொருள் கொள்வதற்கு உரியன அல்ல. கோடாகவும் வடிவாகவும் கண்டு உணர்வதற்கு உரியன.

கைவினை தந்த நிலம்

1957இல் பணிக்கர் கலைப்பள்ளியின் முதல்வரானார். திறன்மிக்க மாணவர்கள் ஆண்டுதோறும் பயின்று வெளியேறினர். அவர்களுள் சிலர் ஆசிரியராயினர்; சிலர் விளம்பர நிறுவனங்களிலும் நெசவாளர் சேவை மையத்திலும் பணி பெற்றனர். பிழைப்பின் சுமையால் பலருடைய தூரிகை ஓய்ந்துபோனது. கற்பித்த ஆசிரியரின் கண்முன்னே கலைஞர்கள் மறைந்துகொண்டிருந்தனர்.

இதற்கு விடையைப் பணிக்கர் கைவினையில் கண்டார். நவீன ஓவியர் பலர் கைவினையைத் தம் நிலைக்குக் கீழானதாகக் கருதிய காலத்தில், அதையே கலைஞனின் விடுதலைக்குக் கருவியாக்கினார். இளங்கலைஞர்கள் கைவினைஞர் சங்கம் ஒன்றில் ஒன்றிணைந்தனர். துணியில் உருகிய மெழுகால் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கினால், மெழுகு படிந்த இடம்மட்டும் சாயமேறாமல் உருவாய்த் தெளியும். பாத்திக் எனப்படும் இக்கலைத்துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றனர். அன்றாடச் செலவுக்குக் கைவினை. உள்ளத்தின் தேடலுக்கு ஓவியம் என்பது அவர்கள் கொண்ட ஒழுங்கு. உணவுக்கு வேறு வழியிருந்ததால் ஓவியத்தை வாங்குவோரின் விருப்பத்திற்கு வளைக்க வேண்டிய தேவை எழவில்லை.

இவ்வாறு சேர்ந்த பொருளைக்கொண்டு, சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில், ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966இல் அங்கு எழுந்ததே சோழமண்டலக் கலைக்கிராமம். சோழர் ஆண்ட கடற்கரையின் பழம்பெயரே அதற்கும் பெயராயிற்று. மணலும் சவுக்கும் சூழ்ந்த அவ்விடத்தில் தொடக்கத்தில் வசதிகள் ஏதுமில்லை. எளிய குடில்களில் தங்கி, கலைஞர்கள் தங்கள் வீடுகளையும் பணிக்கூடங்களையும் படிப்படியாக எழுப்பினர். 1967இல் ஓய்வுபெற்ற பணிக்கரும் அங்குத் தம் பணியைத் தொடர்ந்தார்.

தனித்தனி வழிகள்

ஓவியர் பலர் ஓரிடத்தில் வாழ்ந்தபோதும் அவர்தம் படைப்புகள் ஓரச்சில் வார்த்தவை ஆகவில்லை. சுல்தான் அலி பழங்குடியினரின் நம்பிக்கைகளிலிருந்து உருவங்களைப் படைத்தார். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பத்தில் தனியிடம் பெற்றார். பிறருடன் எளிதாகப் பேசிப் பழக இயலாதவரான கே. ராமானுஜத்தின் ஆற்றலைக் கண்டுணர்ந்து ஊக்குவித்தவர் பணிக்கரே. மாளிகைகளும் பாம்புகளும் விந்தை உயிர்களும் நிறைந்த கனவுலகை அவ்விளைஞர் நுண்கோடுகளால் வரைந்தார். 1973இல் இளம் வயதிலேயே அவர் மறைந்தது கிராமத்திற்குப் பேரிழப்பாயிற்று. வேறு சிலர் புதிய ஊர்களை நாடிச் சென்றனர். விஸ்வநாதன் பாரிஸ் நகரில் குடியேறினார். சேர்ந்து வாழ்வதும் விலகிச் செல்வதும் அவரவர் உரிமையாகவே இருந்தன.

நிலைத்த பயன்

பணிக்கர் 1977இல் சென்னையில் காலமானார். திருவனந்தபுரத்தில் அவருடைய ஓவியங்களுக்கெனத் தனிக்கூடம் அமைந்துள்ளது. சோழமண்டலத்தில் உள்ள அருங்காட்சியகம், சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளை இன்றும் மக்களுக்குக் காட்டிவருகிறது.

ஆசிரியர் ஒருவர் மாணவர்க்குத் தம் பாணியைக் கற்றுத்தரலாம். பணிக்கரோ, அவரவர் பாணியில் வரைவதற்கு வேண்டிய நிலத்தையும் நேரத்தையும் அவர்களே உழைத்துப் பெறும் வழியைக் கற்றுத்தந்தார். பிறரை அண்டிப் பிழைக்காத கையே தான் விரும்பியதை வரையும் என்பதற்கு அக்கடற்கரைக் கிராமம் சான்றாக நிற்கிறது.