சட்டத்தை ஊர்ப் பிரபுக்களிடமிருந்து மீட்ட தோமஸ் டிரம்மண்ட்

கிராமத்துக் குடியானவர் ஒருவருக்கு அரசாங்கம் என்பது தலைநகரில் இருக்கும் மாளிகையல்ல. வீட்டு வாசலில் வந்து நிற்கும் பொலிஸ்காரரும், வழக்கை விசாரிக்கும் நீதவானும், வரி கேட்டு வரும் அலுவலருமே அவருக்கு அரசாங்கம். அந்த மூவரும் ஒரே வீட்டின் ஆட்களாகவும், அந்த வீடு அவரது நிலப்பிரபுவின் வீடாகவும் இருந்துவிட்டால் சட்டம் என்ற சொல்லுக்கே அவரிடத்தில் மதிப்பு இராது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அயர்லாந்தின் கிராமங்கள் ஏறத்தாழ இந்த நிலையிலேயே இருந்தன. அதை மாற்றுவதற்கு ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் ஓயாது உழைத்து, அந்த உழைப்பிலேயே உடல் தேய்ந்து 42ஆவது வயதில் மறைந்த தோமஸ் டிரம்மண்ட் என்ற நிர்வாகியின் வாழ்வை நாம் இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

டிரம்மண்ட் அயர்லாந்துக்காரர் அல்லர். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் 1797 ஒக்டோபர் மாதத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரைத் தாயாரே வளர்த்து ஆளாக்கினார். 1813இல் வுல்விச் இராணுவக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்தில் காட்டிய திறமையினால் இராணுவப் பொறியியல் பிரிவில் அதிகாரியாகி, கேணல் தோமஸ் கோல்பியின் தலைமையில் இயங்கிய நில அளவைப் பணியில் இணைந்தார். அந்தப் பணியே அவரை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தது.

அயர்லாந்து முழுவதையும் அளந்து வரைபடமாக்கும் பணிக்கு 1824இல் அனுமதி கிடைத்தது. கிராமங்களின் மீது விதிக்கப்பட்ட உள்ளூர் வரியை நியாயமாகப் பங்கிடுவதற்குச் சரியான நில அளவு தேவைப்பட்டமையே அதற்கான பிரதான காரணம். மூடுபனி நிறைந்த அந்த நாட்டில் ஒரு மலையுச்சியிலிருந்து மற்றொன்றைப் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. சுண்ணாம்பைக் கடும் வெப்பத்தில் ஒளிரச் செய்யும் முறையை விளக்காக உருவாக்கி அந்தத் தடையை நீக்கியவர் டிரம்மண்ட். 1825இன் பிற்பகுதியில் டொனகோல் பிரதேசத்து மலையொன்றில் அவர் ஏற்றிய விளக்கு, 100 கிலோமீற்றருக்கும் அப்பால் பெல்பாஸ்ட் அருகேயுள்ள மலையிலிருந்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்தது. அறிவியல் உலகில் டிரம்மண்ட் விளக்கு என்ற பெயர் இன்றும் வழங்கி வருகின்றது. ஆனால், அவரது வாழ்வின் போக்கைத் தீர்மானித்தது அந்த விளக்கு அன்று. அளவைப் பணிக்காக ஊர் ஊராக நடந்தபோது அவர் கண்ட குடியானவர்களின் வாழ்க்கையே.

அவர் கண்ட அயர்லாந்தை வாசகர்கள் மனக்கண்ணில் கொண்டுவருதல் அவசியம். 1801இல் பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்ட அந்த நாட்டின் சனத்தொகையில் ஐந்தில் நான்கு பங்கினர் கத்தோலிக்கர்கள். நிலமோ பெரும்பாலும் புரட்டஸ்தாந்து பிரபுக்களின் கையில் இருந்தது. நிலத்தை வைத்திருந்தவர்களே சமாதான நீதவான்களாகவும் நியமிக்கப்பட்டனர். பெரும் ஜூரி சபை என்ற பெயரில் கூடி வீதிகளுக்கும் சிறைச்சாலைகளுக்கும் வரி விதித்தவர்களும் அவர்களே. குத்தகை தராத குடியானவரை வெளியேற்றக் கோருபவரும், கலகம் செய்ததாக அவரைத் தண்டிப்பவரும், அவரிடமிருந்து வரி அறவிடுபவரும் ஒரே வர்க்கத்தினராக இருந்தனர். 1829இல் கத்தோலிக்கர்கள் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையைப் பெற்ற பின்னரும் கிராமத்து நீதிமன்றில் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.

இத்தகைய நீதியை நம்பாத மக்கள் தமக்கென வேறொரு நீதியை ஏற்படுத்திக் கொண்டனர். இரவில் கூடும் இரகசியக் குழுக்கள் வெளியேற்றப்பட்டவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரை எச்சரித்தன, கால்நடைகளை வெட்டின, சில வேளைகளில் உயிர்களையும் பறித்தன. இது நீதியல்ல, கொடுமையே என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆயினும், சட்டத்தின் வாயில் அடைபட்ட இடத்தில் இரவின் வாயில் திறந்து கொண்டது என்பதையும் வரலாறு காட்டுகின்றது.

இதற்கு அரசு அளித்த பதில் கடுமையாகவே இருந்தது. கிளர்ச்சித் தடைச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசங்களில் சூரியன் மறைந்த பின்னர் வீட்டுக்கு வெளியே காணப்பட்டவரை ஜூரி விசாரணையின்றியே ஏழு ஆண்டுகளுக்கு நாடு கடத்த முடிந்தது. பிரதம செயலாளராக இருந்த ரொபர்ட் பீல் 1814இல் சமாதானப் பாதுகாப்புப் படையை உருவாக்கி, குழப்பமுள்ள பிரதேசங்களுக்கு அனுப்பினார். அதற்கான செலவு அந்தப் பிரதேச மக்களின் தலையிலேயே சுமத்தப்பட்டது. 1822இல் மாவட்டந்தோறும் நிரந்தரப் பொலிஸ் படை அமைந்தபோதும், கான்ஸ்டபிள்களைத் தெரிவு செய்யும் அதிகாரம் உள்ளூர் நீதவான்களிடமே விடப்பட்டது. ஆகவே, சீருடை புதிதாயினும் அதன் உள்ளே இருந்தவர் பிரபுவின் ஆளாகவே இருந்தார்.

இந்த ஏற்பாட்டின் முழு அவலத்தையும் தசமபாக வரி வெளிப்படுத்தியது. கத்தோலிக்கக் குடியானவர்கள் தாம் சேராத திருச்சபையின் குருமாருக்குத் தமது விளைச்சலிலிருந்து வரி செலுத்த வேண்டியிருந்தது. 1830களின் தொடக்கத்தில் அவர்கள் அதைச் செலுத்த மறுத்தனர். 1831 டிசம்பரில் கில்கெனி மாவட்டத்தின் கரிக்ஷொக் என்ற இடத்தில், அழைப்பாணை வழங்கச் சென்றவருக்குக் காவலாகப் போன பொலிஸார் பலர் மக்கள் திரளினால் கொல்லப்பட்டனர். 1834 டிசம்பரில் கோர்க் மாவட்டத்தின் ரத்கோர்மக் பகுதியில் ஒரு விதவையின் வரி நிலுவையை அறவிடச் சென்ற இராணுவத்தினர் சுட்டதில் குறைந்தது 12 பேர் உயிரிழந்தனர். அன்று அங்கு வரியைக் கோரிய குருவானவரே நீதவானாகவும் நின்றார். கேட்பவரும் அவரே, தீர்ப்பவரும் அவரே என்ற நிலைக்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

ரத்கோர்மக் சம்பவம் நிகழ்ந்து சில மாதங்களின் பின்னர், 1835 ஜூலையில் டிரம்மண்ட் அயர்லாந்தின் உப செயலாளராக டப்ளின் கோட்டையில் பொறுப்பேற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் பாராளுமன்றச் சீர்திருத்தத்துக்கான தொகுதி எல்லைகளை வகுக்கும் பணியிலும், நிதியமைச்சர் அல்தோர்ப் பிரபுவின் அந்தரங்கச் செயலாளராகவும் கடமையாற்றியிருந்தார். மெல்பேர்ண் பிரபுவின் அரசாங்கம் டானியல் ஓ கொனெலின் ஆதரவில் தங்கியிருந்த காலம் அது. முல்கிரேவ் பிரபு அரசப் பிரதிநிதியாகவும், மோர்பெத் பிரபு பிரதம செயலாளராகவும் இருந்தனர். எனினும், நாளாந்த நிர்வாகத்தின் அச்சாணியாக விளங்கியவர் டிரம்மண்டே.

அவர் முதலில் கைவைத்தது பொலிஸ் படையில் ஆகும். 1836ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டப் படைகளை ஒன்றிணைத்து, டப்ளினிலுள்ள ஒரே பொலிஸ் மா அதிபரின் கீழ் கொண்டுவந்தது. நியமன அதிகாரம் உள்ளூர் நீதவான்களிடமிருந்து அகற்றப்பட்டது. படையில் சேர்பவர் எந்தவோர் அரசியல் சங்கத்திலும் அங்கம் வகிப்பதில்லை எனச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கத்தோலிக்க இளைஞர்களுக்குப் படையின் கதவுகள் அகலத் திறக்கப்பட்டன. 1840களின் தொடக்கத்தில் சாதாரண தரத்தினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் கத்தோலிக்கர்களாக இருந்தனர். தன்னைப் போன்ற ஒருவரைச் சீருடையில் கண்ட குடியானவருக்கு அது எத்தகைய மாற்றமாக இருந்திருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவதாக, உள்ளூர்ப் பிரபுக்களின் பக்கச்சார்பை ஈடுசெய்வதற்கு அரசாங்கச் சம்பளம் பெறும் நீதவான்கள் கூடுதலாகப் பயன்படுத்தப்பட்டனர். கத்தோலிக்கர் என்ற காரணத்துக்காக ஜூரர்களை ஒதுக்கி வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுமாறு அரசாங்கச் சட்டத்தரணிகள் பணிக்கப்பட்டனர். இந்த நிர்வாகத்தின் சட்டமா அதிபராக இருந்த மைக்கல் ஓ லொக்லன், 1836இல் நீதிபதியானபோது, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் அந்த நாட்டில் நீதியாசனம் ஏறிய முதலாவது கத்தோலிக்கரானார்.

மூன்றாவதாக, பொலிஸாரின் கடமை எதுவென்பதை டிரம்மண்ட் தெளிவாக வரையறுத்தார். தசமபாக வரியை அறவிடும் கூலிப்படையாக அவர்களை வழங்க அவர் மறுத்தார். சமாதானம் குலையும் அபாயம் உண்மையாகவே இருந்தால் மட்டும் அவர்கள் செல்லலாம் என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது. அதேவேளை, கத்தோலிக்கக் குடியானவர்கள் தமக்குள்ளேயே குழுக்களாகப் பிரிந்து சந்தைகளில் தடியடியில் ஈடுபடும் நெடுநாளைய வழக்கத்தை அவர் சகித்துக்கொள்ளவில்லை. ஏழைகள் தமக்குள் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்ப்பதே முன்னைய அதிகாரிகள் பலரின் போக்காக இருந்தது. டிரம்மண்ட் சந்தை நாட்களில் பொலிஸாரை முன்கூட்டியே அனுப்பி அதைத் தடுத்தார். பட்ட உயிர் எவருடையதாயினும் அதைக் காப்பது அரசின் கடமை என்பதே இதன் பொருள்.

மறுபுறம், புரட்டஸ்தாந்து தரப்பின் ஒரேஞ்ச் சங்க ஊர்வலங்கள் மீதும் சட்டம் அதே கண்டிப்புடன் பிரயோகிக்கப்பட்டது. 1837இல் பாராளுமன்ற உறுப்பினரான கேணல் வேர்னர், கத்தோலிக்கர்கள் உயிரிழந்த 1795ஆம் ஆண்டு மோதலொன்றின் நினைவுக்கு விருந்தொன்றில் மதுக்கிண்ணம் உயர்த்தியபோது, டிரம்மண்ட் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கோரினார். ஏற்கத்தக்க பதில் கிடைக்காமையால் வேர்னர் நீதவான் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ஒரு தரப்பினரின் இரத்தத்தைக் கொண்டாடுபவர் அந்தத் தரப்பினருக்கு நீதி வழங்க முடியாது என்ற எளிய உண்மை, அந்த நாட்டில் அன்றுதான் அரசாணையாக வெளிவந்தது.

அவரது பெயரை நிலைக்கச் செய்தது 1838 மே மாதத்தில் அவர் எழுதிய ஒரு கடிதமாகும். டிப்பெரரி மாவட்டத்தில் நிகழ்ந்த கொலையை அடுத்து, அங்குள்ள நீதவான்கள் கடும் நடவடிக்கைகள் தேவையென டொனோமோர் பிரபுவுடன் சேர்ந்து அரசாங்கத்திடம் முறையிட்டனர். குற்றங்களைக் கண்டித்த டிரம்மண்ட், அத்துடன் நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுக்குள் அந்த மாவட்டத்தில் வெளியேற்ற வழக்குகள் எவ்வளவு பெருகியுள்ளன என்பதை எடுத்துக்காட்டி, சொத்துக்கு உரிமைகள் இருப்பதைப் போலவே கடமைகளும் உண்டு என்றும், அந்தக் கடமைகள் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டமையே சமூகத்தின் நோய்க்குக் காரணம் என்றும் அவர்களுக்கே அறிவுறுத்தினார். பாதுகாப்புக் கேட்டு எழுதியவர்களுக்கு அவர்களது பொறுப்பை நினைவூட்டிய அந்தப் பதில் நிலப்பிரபுக்களைக் கொதித்தெழச் செய்தது. 1839இல் பிரபுக்கள் சபை அமைத்த விசாரணைக் குழுவின் முன் டிரம்மண்ட் பல நாட்கள் சாட்சியமளித்து, புள்ளிவிபரங்களுடன் தமது நிர்வாகத்தை நியாயப்படுத்தினார்.

இவ்வளவு பணிகளுக்கிடையே அயர்லாந்தின் புகையிரதப் பாதைகள் பற்றிய ஆணைக்குழுவின் பொறுப்பையும் அவர் சுமந்தார். 1838இல் வெளியான அதன் அறிக்கை, அரசே முன்னின்று பாதைகளை அமைத்து வறியவர்களுக்கு வேலை வழங்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை. உடல்நலம் குன்றியிருந்த அவர் 1840 ஏப்ரல் 15ஆம் திகதி டப்ளினில் காலமானார். தாம் நேசித்துத் தொண்டாற்றிய அயர்லாந்து மண்ணிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டுமென்பது அவரது கடைசி விருப்பமாக இருந்தது. மவுண்ட் ஜெரோம் மயானத்தில் அவர் துயில்கின்றார். சிற்பி ஜோன் ஹோகன் செதுக்கிய அவரது சிலை டப்ளின் நகர மண்டபத்தில் நிற்கின்றது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது ஒரு புகழுரையாகவே அமையும். ஆனால், பின்னர் நடந்தவற்றையும் சொல்வதே நேர்மையாகும். டிரம்மண்ட் பொலிஸ் அதிகாரத்தை ஊர்ப் பிரபுக்களிடமிருந்து மீட்டார். எனினும் அது மக்களிடம் சென்று சேரவில்லை. டப்ளின் கோட்டையிடமே சேர்ந்தது. 1829இல் பீல் இலண்டனில் அமைத்த பொலிஸார் தடியுடன் நடந்தபோது, அயர்லாந்தின் பொலிஸார் துப்பாக்கியுடனேயே கிராமங்களில் நின்றனர். கோட்டையில் டிரம்மண்ட் இருந்தவரை அந்தத் துப்பாக்கி கட்டுப்பாட்டில் இருந்தது. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டபோது, குத்தகை செலுத்த இயலாத குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றும் இடங்களில் காவல் நின்றதும் அதே படைதான். 1867இல் அரச விருது பெற்ற அந்தப் படை 1922இல் கலைக்கப்பட்டது. பெரும் ஜூரி சபைகளின் நிர்வாக அதிகாரம் தெரிவு செய்யப்பட்ட மாவட்ட சபைகளுக்குக் கைமாறுவதற்கு 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பலவற்றின் பொலிஸ் அமைப்புக்கு அயர்லாந்துப் படை முன்மாதிரியாக அமைந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். இலங்கையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுவதுண்டு. கப்பலேறிச் சென்றது அந்தப் படையின் கட்டமைப்பே. டிரம்மண்டின் மனச்சாட்சி அதனுடன் ஏற்றப்படவில்லை.

நியாயமான ஒருவர் அதிகாரத்தில் இருப்பது மக்களுக்குக் கிடைக்கும் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஒரே மேசையில் ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக அமர்ந்திருந்த ஒரு மனிதர், பல தலைமுறைகளாகச் சட்டத்தை அஞ்சி வெறுத்த மக்களை அதன் வாசலுக்கு வரச் செய்தார். ஆனால் அவரது நியாயம் அவரது கையெழுத்தில் இருந்தது. அவர் சென்ற பின்னரும் அதைக் காக்கக்கூடிய சட்டத்தில் இருக்கவில்லை. நல்லவர் ஒருவர் வகுத்த அதிகாரம் அவருக்குப் பின் எவர் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு அவரது காலம் பதில் தேடவில்லை. அதன் விலையைப் பஞ்ச காலத்தில் கூரை பிரிக்கப்பட்ட வீடுகளின் முன் நின்றவர்களே செலுத்தினர்.