கைமணியோடு வந்த சவேரியார்

கடந்த மே மாத விடுமுறையில் எங்கள் வியாசர்பாடியிலிருந்து ஐந்து மாணவியர் பத்து நாள் வழிபாட்டு இசைப் பயிற்சி முகாமுக்குச் சென்றோம். அங்கேயே தங்கி, காலை ஐந்தரை மணிக்கு அடிக்கும் மணிக்கு எழுந்து, ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து பாடக் கற்றோம். இரண்டாம் நாளே எனக்கு ஒரு வெட்கம் நேர்ந்தது. புதுநன்மை வாங்கிய நாள் முதல் நான் பாடி வரும் ஒரு பாட்டில் ஒரு சொல்லைத் தவறாகவே பாடி வந்திருக்கிறேன்! அதைக் கண்டுபிடித்த ஆசிரியை அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டார். நான் விழித்தேன். தோழியர் சிரித்தனர். ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. இதைவிடப் பெரிய பிழையைத் தமிழில் செய்த புனிதர் ஒருவர் இருக்கிறார் என்று கூறி, அன்றிரவு புனித பிரான்சிஸ் சவேரியாரின் கதையைத் தொடங்கினார். அவரிடம் கேட்டதையும் பிறகு நூலகத்தில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே நவார் என்னும் பகுதியில், சவேரியார் கோட்டையில், 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவர் பிறந்தார். செல்வக் குடும்பம். ஆனால் ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். மறு ஆண்டே போரில் வென்றவர்கள் அவர்களுடைய கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்துத் தள்ளினர். படித்துப் பெரிய பதவி பெற்றுக் குடும்பத்தின் பெயரை மீட்க வேண்டும் என்ற ஆசையோடு 1525இல் பாரிஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே அவருடன் ஒரே அறையில் தங்கியவர்கள் பீட்டர் பேபரும் இஞ்ஞாசியாரும் ஆவர். பெருமையை நாடி வந்தவரின் மனத்தை இஞ்ஞாசியார் சிறிது சிறிதாக மாற்றினார். 1534ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று எழுவர் கூடி மோன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தனர். அதுவே இயேசு சபையின் வித்து.

இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர் உண்மையில் வேறொருவர். போபடில்லா என்பவர் நோயுற்றதால் அவருக்குப் பதிலாகச் சவேரியார் புறப்பட்டார். தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், 1541 ஏப்ரல் 7 அன்று, லிஸ்பனில் கப்பல் ஏறினார். பதின்மூன்று மாதப் பயணத்திற்குப் பின் 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். அங்கே அவர் கையில் ஒரு சிறு மணியை எடுத்து ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகச் செல்வார். சிறுவர் பின்னால் ஓடி வருவர். அவர்களை ஆலயத்துக்கு அழைத்துப் போய் மறைக்கல்வி கற்பிப்பார்.

இனித்தான் நம் தமிழ்நாட்டுக் கதை. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை முத்துக்குளிக்கும் பரதவ மக்கள் பல்லாயிரவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் அவர்கள் மொழி தெரிந்த குரு ஒருவரும் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் கற்பிக்கப்படவில்லை. 1542ஆம் ஆண்டின் இறுதியில் சவேரியார் அங்கே வந்தார். அவருக்கோ தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பல மொழிகளை ஒரே நாளில் பேசும் வரம் பெற்றவர் என்று சில பழைய நூல்கள் கூறுகின்றன. எனக்கு என்னவோ அவருடைய கடிதங்களில் தெரியும் சவேரியாரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. அந்தச் சவேரியார் இரண்டு மொழியும் அரைகுறையாக அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், கற்பனைகள் ஆகியவற்றைச் சிரமப்பட்டுத் தமிழாக்கி, நம்மைப் போல மனப்பாடம் செய்தவர்.

பிறகு ஊர் ஊராக மணியடித்துச் சென்றார். நாள்தோறும் இரண்டு வேளை சிறுவர்களைக் கூட்டினார். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் கூட்டுக் குரலில் திருப்பிச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், முதியோர் அனைவரும் கூடினர். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. நோயாளிகள் அவரை அழைத்தால், சிறுவர்களையே அனுப்பிச் செபிக்கச் செய்வார். உண்ணவும் உறங்கவும் தம் கட்டளைச் செபம் சொல்லவும் விடாமல் பிள்ளைகள் இன்னொரு செபம் கற்றுத் தரும்படி மொய்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப் போயிற்றாம். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் ஓய்ந்து போயினவாம்.

இந்த உழைப்பின் நடுவேதான் அந்தப் பிழை. விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், வேணும் என்ற சொல் நுழைந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேணும் என்று கடற்கரைப் பிள்ளைகள் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் சொல்லி வந்தனர். 1544இல் சவேரியார் இதை அறிந்தார். மறைக்கவில்லை. உடனே தம் துணைவர் மன்சிலியாஸுக்குக் கடிதம் எழுதி, எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும், ஏன் என்று விளக்கினார். இதைக் கேட்டதும் முகாமில் நாங்கள் அனைவரும் சிரித்துவிட்டோம். ஆனால் இரவு பாயில் படுத்தபோது, அந்தப் பிள்ளைகள் சொன்னதும் அப்படியொன்றும் கெட்ட செபம் இல்லையே என்று எனக்குத் தோன்றியது.

அதே 1544 ஜூன் மாதத்தில் வடக்கேயிருந்து வந்த படைவீரர்கள் கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைக் கொள்ளையிட்டனர். மக்கள் கடலிலுள்ள பாறைகளுக்கு ஓடிப் பசியும் தாகமுமாகக் கிடந்தனர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. உடனே கால்நடையாகவே அவர்களைத் தேடிப் போனார். ஊர்தோறும் செபம் கற்பிக்க ஆசிரியர்களை அமர்த்தியவரும் அவரே. அவர்கள் சம்பளத்திற்கு, போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையிலிருந்து போன வரிப்பணத்தைக் கேட்டுப் பெற்றார்!

1545இல் நம் மயிலாப்பூருக்கு வந்து, புனித தோமையார் கல்லறையருகே ஏறத்தாழ நான்கு மாதம் தங்கினார். அப்போது சென்னை என்ற நகரமே ஏற்படவில்லை. இனி எங்கே செல்வது என்று தெரியாமல் இரவெல்லாம் அங்கே செபித்தார். தெளிவு பிறந்ததும் மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதற்கும் அப்பாலுள்ள தெர்னாத்தே தீவில், வீட்டிலிருக்கும் பெண்களும் சிறுமியரும், வயலில் உழைப்போரும், கடலில் வலை வீசுவோரும் பழைய பாட்டுகளை விட்டு அவர் கற்பித்த செபங்களையே பாடினார்கள் என்பது அவருக்குப் பெரும் மகிழ்ச்சி.

1549 ஆகஸ்டு 15இல் ஜப்பான் சேர்ந்தார். அங்கும் சொல் அவரை ஏமாற்றியது! கடவுளைக் குறிக்கத் தைனிச்சி என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது புத்தர் ஒருவரின் பெயர் என்று பின்னர் தெரிந்ததும், தாம் சொன்னதை வெளிப்படையாக மறுத்து, தேயுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு மாறினார். இத்தனை பேர் முன் தவற்றை ஒப்புக்கொள்ள எவ்வளவு துணிவு வேண்டும்! பதினைந்து பேர் முன்னிலையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது, சான்சியன் தீவில் ஒரு குடிசையில் காய்ச்சலுற்று, 1552 டிசம்பர் 3 அன்று உயிர் நீத்தார். வயது நாற்பத்தாறு. 1622இல் புனிதர் பட்டம் பெற்றார். அவர் உடல் கோவாவில் போம் ஜேசு ஆலயத்தில் உள்ளது.

முத்துக்குளித்துறையில் அவர் விட்ட பணியை அன்றீக்கு அடிகளார் தொடர்ந்தார். அவர் தமிழை முறையாகக் கற்று, முந்திய செபங்களின் பிழைகளைத் திருத்தினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சேறியது. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே.

முகாம் முடிந்து வந்தபின், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இரண்டாம் வகுப்புச் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் தவறாகப் பாடிய அதே பாட்டைத்தான் முதலில் எடுத்தேன். சொல்லுக்குச் சொல் பொருளும் கூறினேன். மூன்றாம் அடியில் ஒரு சிறுமி எழுந்து வேறொரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். அது எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று கூறிவிட்டு, நேரே சிஸ்டரிடம் ஓடினேன்.