கடலில் போட்ட கணக்கு

1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள். இங்கிலாந்து செல்வதற்காக 19 வயது இளைஞர் ஒருவர் பம்பாயில் கப்பலேறினார். அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவருக்கு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. ஆயினும், அவர் மனம் நிலைகொள்ளவில்லை. தாயார் சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்தார். பயணத்தைக் கைவிடலாமா என்று மகன் தயங்கியபோது, தாயாரே வற்புறுத்தி வழியனுப்பினார். மறு ஆண்டில் அவர் காலமானார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

கப்பலில் சந்திரசேகர் விண்மீன்களைப் பற்றிக் கணக்கிட்டுக்கொண்டே சென்றார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குறுமீன் ஆகும். எல்லா விண்மீன்களும் இறுதியில் இந்த நிலையை அடையும் என்றே அந்நாளைய அறிஞர்கள் எண்ணினர். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டைப் பொருத்திப் பார்த்தபோது, விடை வேறாக வந்தது. ஓர் அளவுக்கு மேல் நிறையுள்ள விண்மீன் வெண்குறுமீனாக நிலைத்திருக்க முடியாது! சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அந்த எல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கேம்பிரிட்ஜில் அவர் 1933இல் முனைவர் பட்டம் பெற்றார். புகழ்பெற்ற வானியல் அறிஞர் எடிங்டன் அவரது அறைக்கு அடிக்கடி வந்து, கணக்குகள் எந்த அளவில் உள்ளன என்று கேட்டறிவார். தமக்கு மாற்றுக் கருத்து உண்டு என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. சந்திரசேகர் தம் முடிவை விளக்கி அமர்ந்தார். அடுத்துப் பேசிய எடிங்டன், இயற்கையில் இப்படியெல்லாம் நடக்காது என்று எள்ளி நகையாடினார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. சந்திரசேகரின் கணக்கு சரியே என்று சில பெரிய இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர். வெளிப்படையாகப் பேசத்தான் எவரும் முன்வரவில்லை. அந்த 24 வயது இளைஞருக்கு எடிங்டனின் கேலியைவிட இந்த மௌனமே அதிகம் வலித்திருக்கும்.

அவர் வீண் வாதத்தில் காலம் கழிக்கவில்லை. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் தம் ஆய்வை நூலாக வெளியிட்டுவிட்டு வேறு துறைக்குத் திரும்பினார். எடிங்டனுடன் கொண்டிருந்த நட்பையும் அவர் முறித்துக்கொள்ளவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது, அவரை அக்காலத்தின் தலைசிறந்த வானியலாளர்களுள் ஒருவர் என்று போற்றிப் பேசினார்.

1983இல் சந்திரசேகருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 73. அன்று அவையோர் சிரித்த அந்த அளவு, இன்று பாடநூல்களில் ‘சந்திரசேகர் எல்லை’ என்று இடம்பெற்றுள்ளது.